அசையாமல் வைக்கிற ஊசி: மாமாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் நாங்கள் போட்ட கணக்கு

மாமாவுக்கு வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. இருமினால் பெரிதாகும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒன்றரை வருடம் அதை வேட்டிக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தவர், மஞ்சள் மூட்டை தூக்கிய ஒரு நாள் வலி தாங்காமல் அத்தையிடம் சொல்லிவிட்டார். குடலிறக்கம்தான், வலை வைத்துத் தைத்துவிடலாம் என்று சொன்ன சர்ஜன் இரண்டு வழிகளை எடுத்துச் சொன்னார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, வெளியே கீறிச் செய்வது ஒன்று. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் மூன்று துளை போட்டு லேப்ராஸ்கோப்பில் செய்வது இன்னொன்று. யோசித்து வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மாமாவிடமிருந்து போன். "மாப்ள, அந்த முழு மயக்கத்துல ஆள அசையாம வைக்கிறதுக்குன்னே தனியா ஒரு ஊசி போடுவாங்களாமா? மூச்சுகூட நின்னுபோயிருமாமா? நெசமா?"

நெசம்தான். 14 வருடமாக நான் ஆபரேஷன் தியேட்டரில் அனஸ்தீசியா டெக்னீஷியன், அந்த ஊசியை எடுத்து ட்ரேயில் அடுக்குகிறவனே நான்தான். மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் போடுவதும் மயக்க டாக்டரின் வேலை. அதற்குள் நான் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் மாமாவுக்கு வந்த சந்தேகம் நிறையப் பேருக்கு வருவதையும், கையெழுத்துப் போடும் நேரத்தில் அதைக் கேட்க வெட்கப்படுவதையும் தினமும் பார்க்கிறேன். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதுகுப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் மெடிக்கலில் கொடுக்கிற 'தசை தளர்வு' மாத்திரை வேறு, இது வேறு. தயோகோல்சிகோசைடு மாதிரி மாத்திரைகள் பிடிப்பைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். தியேட்டரில் போடுகிற தசைத் தளர்வு ஊசி, நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையையே இரண்டும் சந்திக்கிற இடத்தில் மறித்துவிடும். கை, கால், கண்ணிமை, தொண்டை, மூச்சு இழுக்கிற தசை எல்லாமே சும்மாயிருக்கும். இதயம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும், அது வேறு வகைத் தசை. மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த மருந்து ஏற்றிய சிரிஞ்சில் நாங்கள் சிவப்பு லேபிள் ஒட்டுவோம். ட்ரேயில் ஏழெட்டு சிரிஞ்சு கிடந்தாலும் அந்தச் சிவப்பைத் தொடும்போது கை தானாக ஒரு நொடி நின்று லேபிளை இன்னொரு முறை படிக்கும். அது பழக்கம்.

இது மயக்க மருந்தே இல்லை என்பதுதான் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். வலியையும் குறைக்காது, தூக்கத்தையும் தராது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய கியூராரே என்ற நஞ்சிலிருந்து வந்த மருந்து இது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1942 ஜனவரியில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மயக்க டாக்டர் குடல்வால் ஆபரேஷன் ஒன்றில் அதைப் பயன்படுத்தினார். நினைவையும் மங்க வைக்குமோ என்று அப்போது பலருக்குச் சந்தேகம் இருந்தது. 1947ல் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற டாக்டர், வேறு எந்த மயக்க மருந்தும் இல்லாமல் அதைத் தனக்கே ஏற்றச் சொல்லிப் படுத்தார். விரல்கூட அசைக்க முடியாத நிலையில், சுற்றி நடந்த அத்தனையும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எனவே தூக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, அசையாமல் இருக்க இந்த மருந்து என்று மூன்றும் தனித்தனியாகப் போகின்றன. மூன்றாவது போன பிறகு, முதல் இரண்டும் போதுமா என்பதை நோயாளியால் சொல்ல முடியாது. அதைக் கவனிக்கத்தான் டாக்டர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"அப்ப முழிப்பு வந்துட்டா?" என்று மாமா உடனே பிடித்துக்கொண்டார். நியாயமான பயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2014ல் வெளியிட்டார்கள். தசைத் தளர்வு ஊசி போட்ட முழு மயக்கத்தில் சுமார் 8,000 பேரில் ஒருவர் நடுவில் நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார். அந்த ஊசி போடாத முழு மயக்கத்தில் 1,36,000 பேரில் ஒருவர். அபூர்வம்தான், ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

சரி, அந்தத் தளர்வு ஊசியே வேண்டாத வழி இருக்கும்போது எதற்காக அந்தப் பக்கம் போக வேண்டும்?

முதுகில் ஊசியா, முழு மயக்கமா

லேப்ராஸ்கோப்பில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி, பலூன் மாதிரி உப்ப வைத்துத்தான் உள்ளே வேலை பார்க்க முடியும். நோயாளி ஒரு இருமல் இருமினாலும், வயிற்றுத் தசையை லேசாக இறுக்கினாலும் அந்த இடம் சுருங்கிவிடும், உள்ளே கருவி இருக்கும்போது அது ஆபத்து. தொண்டையில் குரல்நாண்களுக்கு நடுவே ட்யூப் போடுவதற்கும் தளர்வு வேண்டும். அதனால் லேப்ராஸ்கோப் என்று முடிவு செய்தால், பெரும்பாலும் தசைத் தளர்வு ஊசியும் அதோடு வந்துவிடும். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்வது, தோசை வேண்டும், கல்லைச் சூடாக்காதே என்பது மாதிரி.

பலன் என்ன? காயம் சின்னது, வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தாலோ, ஒருமுறை வெளியே கீறிச் செய்து மறுபடி வந்திருந்தாலோ, லேப்ராஸ்கோப்புக்குத்தான் பல சர்ஜன்களின் ஓட்டு. செலவு கூடுதல்.

முதுகு ஊசியில் ட்யூப் இல்லை, வென்டிலேட்டர் இல்லை, சிவப்பு லேபிளுக்கு வேலை இல்லை. மாமா 35 வருடம் பீடி குடித்தவர். இப்போதும் காலையில் எழுந்ததும் ஐந்து நிமிடம் இருமித்தான் பல் தேய்ப்பார். அப்படிப்பட்ட நுரையீரலுக்கு ட்யூப் போடாமல் முடிகிற வழி ஒரு பெரிய சௌகரியம். ஆனால் முதுகு ஊசி இலவசமாக வருவதும் இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், அதற்கு மருந்து தயாராக வைத்திருப்போம். வயதான ஆண்களுக்கு, முக்கியமாகப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால், சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும், ட்யூப் வைக்க வேண்டிவரும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். அது இளவயதுக்காரர்களுக்குத்தான் அதிகம். இதய ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதைச் சில நாள் முன்பே நிறுத்தாமல் முதுகில் ஊசி போட மாட்டார்கள், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்ற பயம். நிறுத்தலாமா என்பதையும் இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குழு அல்ல. மாமாவுக்கு அது கிடையாது, பிரஷர் மாத்திரை ஒன்றுதான்.

அத்தை லேப்ராஸ்கோப் கட்சி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்துகொண்டு நாலாம் நாள் பைக் ஓட்டினாராம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வயது 34, பீடி கிடையாது என்பதை அத்தை கணக்கில் எடுக்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு பக்கக் குடலிறக்கம், முதல் முறை, மோசமான நுரையீரல் என்றால் முதுகு ஊசிப் பக்கம் தராசு சாயும். இளவயது, இரண்டு பக்கமும், நல்ல நுரையீரல் என்றால் லேப்ராஸ்கோப்புக்கே போகலாம், ஊசியைப் பார்த்துப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. பித்தப்பைக் கல் மாதிரி ஆபரேஷன்களில் இந்தத் தேர்வே பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது, முழு மயக்கம்தான். அப்போது அடுத்த இரண்டு கேள்விகள்தான் உங்களுக்கு முக்கியம்.

எந்த ஊசி

இதை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் சொல்கிற தகவலை வைத்துத்தான் டாக்டர் தேர்ந்தெடுக்கிறார்.

வேகமாக வந்து வேகமாகப் போவது சக்ஸமெத்தோனியம். ஒரு நிமிடத்துக்குள் ஆளைத் தளர்த்திவிடும், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் விட்டுவிடும். சாப்பிட்ட வயிற்றோடு வரும் அவசர கேஸில் இன்றைக்கும் இதை எடுப்பார்கள். ஏறும்போது உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துடிப்பாக ஓடும், தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி. மறுநாள் சிலருக்குக் கபடி ஆடி முடித்த மாதிரி உடம்பு வலிக்கும், ஆபரேஷன் செய்த இடத்தை விட்டுவிட்டுத் தோளும் கழுத்தும் வலிக்கிறது என்று குழம்புவார்கள்.

இந்த மருந்தை உடைப்பது ரத்தத்தில் இருக்கும் கொலினெஸ்டெரேஸ் என்ற நொதி. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்குப் பத்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும். உலகத்தில் இது அபூர்வம், ஆனால் ஆரிய வைசிய சமூகத்தில் அப்படி அபூர்வம் இல்லை. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்டார்கள். அதனால் மயக்க டாக்டர் உங்கள் சமூகத்தைக் கேட்டால், ஜாதி பார்க்கிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் முடிந்தும் பல மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தார்களா, மயக்கத்தில் காய்ச்சல் தாறுமாறாக ஏறியதா என்று கேட்பதும் இந்த மருந்தை மனதில் வைத்துத்தான். பெரிய தீக்காயத்துக்குப் பிறகு, தண்டுவடம் அடிபட்ட பிறகு, தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகளுக்கு இதைத் தவிர்ப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயத்தையே நிறுத்திவிடலாம்.

திட்டமிட்ட ஆபரேஷனில் அதிகம் போவது ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராகுரியம். வழக்கமான அளவில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கும், தேவைப்பட்டால் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அட்ராகுரியத்தின் அழகு என்னவென்றால், உடம்புச் சூட்டிலேயே அது தானாகச் சிதைந்துவிடும், சிறுநீரகத்தையோ ஈரலையோ பெரிதாக நம்பியிருக்காது. டயாலிசிஸ் நோயாளி வருகிறார் என்றால் நான் கேட்காமலே ஃப்ரிட்ஜிலிருந்து அதை எடுத்து வைத்துவிடுவேன். சிலருக்கு மார்பும் முகமும் சிவந்து தடிக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். அலர்ஜி என்று பார்த்தால் இந்த மருந்துக் குடும்பம் முழுவதுமே கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான்: பிரிட்டனில் 2018ல் வெளியான இன்னொரு கணக்கெடுப்பில் சுமார் 10,000 மயக்கத்துக்கு ஒன்று கடுமையான அலர்ஜி, காரணங்களில் ஆன்டிபயாடிக் முதலிடம், தசைத் தளர்வு மருந்து இரண்டாமிடம். முன்பு ஏதாவது ஆபரேஷனில் அலர்ஜி வந்திருந்தால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுப் பீரோவில் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தசைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிற மயஸ்தீனியா நோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் ரோக்குரோனியமே எக்கச்சக்கமாகும். பிரசவ நேரத்து ரத்தக் கொதிப்புக்குப் போடும் மெக்னீசியமும், அமிக்காசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசியும் தளர்வை நீட்டும். வலிப்புக்குப் பல மாதமாக ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். மாத்திரைச் சீட்டைக் கேட்கிறார்களே, எல்லாம் இதற்குத்தான்.

எப்படி வெளியே கொண்டுவருகிறார்கள்

என்னைக் கேட்டால் நோயாளி உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஊசி வேலை செய்யும்போது நாலு பேர் பக்கத்தில் இருக்கிறோம். முழுசாகப் போய்விட்டது என்று நினைத்து ட்யூபை எடுத்து வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகு கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் வினை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அளந்து பார்க்கிற கருவி இல்லை. கண்ணைத் திறங்கம்மா, நாக்கை நீட்டுங்க, தலையைத் தூக்குங்க, இவ்வளவுதான் பரிசோதனை. பித்தப்பை எடுத்த ஒரு அம்மா எல்லாவற்றையும் ஒருமாதிரி செய்தார், ரெக்கவரிக்குக் கொண்டுவந்தோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், இமை பாதி மூடியிருக்கிறது, கையைத் தூக்கப் பார்க்கிறார், கை கரையில் போட்ட மீன் மாதிரி தத்தி விழுகிறது, ஆக்சிஜன் 86 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. டாக்டர் ஓடிவந்து மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்தார், அரைமணி நேரத்தில் சரியானது. மறுநாள் அந்த அம்மா சொன்னார்: "நீங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சு தம்பி. மூச்சு பத்தலைன்னு சொல்ல வாய் வரல." மூச்சு இழுக்கும் உதரவிதானம் சீக்கிரம் தேறிவிடும், தொண்டைத் தசை பின்தங்கும். அதனால் மூச்சு விடுவதைப் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஐந்து வினாடி தலையைத் தூக்குவதையும் நம்பி இருக்க முடியாது.

அளப்பதற்கு வழி இருக்கிறது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகப் போகிற நரம்பின் மேல் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு வினாடிக்குள் நாலு சின்ன மின்தூண்டல். கட்டைவிரல் நாலு முறை துடிக்கும். நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் ட்யூபை எடுக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது, எண்ணாகக் காட்டும் கருவியே வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமும் 2023 வழிகாட்டலில் சொல்லிவிட்டது. நம் ஊரில் எல்லாத் தியேட்டரிலும் இது இல்லை.

அப்புறம், தளர்வை முறிக்கிற மருந்து. பழையது நியோஸ்டிக்மின். மலிவு, எல்லா இடத்திலும் இருக்கும், ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராகுரியம் மூன்றுக்கும் ஆகும். இதயத் துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால் கிளைக்கோபைரோலேட் என்ற துணை மருந்தோடுதான் போடுவார்கள். ஆனால் அது தானாகத் தேற ஆரம்பித்தவரைத்தான் மேலே தூக்கிவிடும். ஆழத்தில் கிடப்பவரை அதனால் தூக்க முடியாது, எவ்வளவு கூட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் பலன் இல்லை. பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அடுத்த கேஸுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் நிற்கும்போது அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவசரத்தில் தின்றுவிடுவார்கள்.

புதியது சுகமாடெக்ஸ். 2008ல் ஐரோப்பாவிலும் 2015 கடைசியில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. சர்க்கரை மூலக்கூறுகளை வளையமாகக் கோத்த ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோக்குரோனியத்தை அப்படியே உள்ளே விழுங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் கட்டைவிரல் டக் டக் என்று துள்ளும், முதல் தடவை பார்த்தபோது எனக்கு மாயாஜாலம் மாதிரி இருந்தது. குறைகளும் உண்டு. விலை பல மடங்கு. அட்ராகுரியத்துக்கு ஒன்றும் செய்யாது, ரோக்குரோனியம், வெக்குரோனியத்துக்கு மட்டும்தான். சிறுநீரகம் மிக மோசமாக இருப்பவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அலர்ஜியும் துடிப்புக் குறைவும் அபூர்வமாக வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அது ஒரு நாள் மாத்திரையை மறந்ததற்குச் சமம், ஏழு நாளைக்கு வேறு வழியும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை டிஸ்சார்ஜ் நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

பணம் கூடக் கட்டிச் சுகமாடெக்ஸ் கேட்கலாமா என்று அத்தை கேட்டார். மோசமான நுரையீரல், அதிக உடல் எடை, கடைசி நிமிடம் வரை ஆழமான தளர்வு தேவைப்படுகிற ஆபரேஷன் என்றால் அந்தப் பணம் தண்டம் இல்லை. மற்றபடி திடமான ஆளுக்கு, கருவியால் அளந்து, பொறுமையாகக் கொடுத்த நியோஸ்டிக்மினே போதும். அளக்காமல் போட்ட சுகமாடெக்ஸைவிட, அளந்து போட்ட நியோஸ்டிக்மின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அதனால் மயக்க டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "மருந்து முழுசா இறங்கிடுச்சுன்னு எதை வெச்சுப் பாப்பீங்க டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மாமா முதுகு ஊசிக்கே சம்மதித்தார். ஃபிட்னஸ் பார்க்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை அண்ணாக்கச் சொல்லி, ஆடும் பல்லைத் தொட்டுப் பார்த்தார். "முதுகு ஊசிதானுங்களே, பல்லை எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் மாமா. சில பேருக்கு முதுகு ஊசி சரியாகப் பிடிக்காது, அப்போது முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறோம் என்று டாக்டர் சொன்னதும் மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு டாக்டர், தோட்டத்தில் என்ன வெள்ளாமை, மருந்து நீங்களே அடிப்பீர்களா என்று சாவகாசமாகக் கேட்டார். மூன்று நாள் முன்புதான் குளோர்பைரிபாஸ் அடித்தாராம், முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு. அந்த வகைப் பூச்சிமருந்து, நான் மேலே சொன்ன கொலினெஸ்டெரேஸைத்தான் போய் அமுக்கும். டாக்டர் ரத்தத்தில் அந்த அளவைப் பார்க்கச் சொல்லி, ஆபரேஷனைத் தள்ளிவைத்து, அதுவரை தோட்டத்துப் பக்கம் தெளிப்பானோடு போகக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஒரு மாதமாக எனக்குப் போன் போட்டுப் பேசியும் இதை மாமா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, 14 வருட அனுபவம்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதுகு ஊசி சரியாகப் பிடித்தது, சிவப்பு லேபிள் சிரிஞ்சு ட்ரேயில் அப்படியே கிடந்தது. மதியம் வார்டுக்குப் போனால் மாமா போர்வையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, தன் வலது கால் கட்டைவிரலையே முறைத்துக்கொண்டிருக்கிறார். "அசைய மாட்டேங்குது மாப்ள. எந்த ஊசிக்குப் பயந்தனோ அதையே இடுப்புக்குக் கீழ போட்டுட்டாங்க போல." மரத்துப்போக வைத்தால் கொஞ்ச நேரம் கால் அசையாதுதான் மாமா, மூணு மணி வரைக்கும் பொறுங்க என்றேன். அத்தை இளநீர் வாங்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். இரண்டே முக்காலுக்கு லேசாக ஒரு துடிப்பு, அப்புறம் இன்னொன்று. "எண்ணிக்க மாப்ள," என்றார், "நாலு வரணும்னு நீதான சொன்ன."